இருபத்தைந்து வயதைத் தாண்டிப் படித்தால் பல்கலைக்கழகத்துக்கு ஓடக் கூடாதா?

பெரம்பூர்_5000 கேட்டது:

வணக்கம். கல்லூரியில் பிடியாக, அதாவது உடற்கல்வி இயக்குநராக, இருந்தவர்கள், விளையாட்டு விதிமுறை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

சென்னையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஷிப்டில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரெகுலர்தான், அஞ்சல் வழி இல்லை. 5000, 10000 மீட்டர் ஓடுகிறேன். பிளஸ் டூ முடித்த வருஷமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தம்பி அப்போது எட்டாவது. நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதுதான் சரி. 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். எங்கள் பிரிவுக்கும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. அதன் மேல் பார்டர் சேலைப் பெட்டிகளை அடுக்கி வைத்தோம்.

தம்பி பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போன பிறகுதான் நான் கல்லூரியில் சேர முடிந்தது. பள்ளியில் மண்டலப் போட்டிவரை ஓடியவள். முதல் வருஷம் முழுக்க உடம்பைத் திரும்ப ஓட்டத்துக்குப் பழக்குவதிலேயே போயிற்று. இந்த வருஷம் நேரம் நன்றாக வருகிறது. பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு எங்கள் பிடி சாரே பெயர் கொடுக்கச் சொன்னார்.

தகுதிப் படிவம் என்று ஒன்று உண்டு, பார்த்திருப்பீர்கள். போட்டோ ஒட்டி, பாதி போட்டோவிலும் பாதி தாளிலும் விழுகிற மாதிரி முதல்வர் சீல் வைக்க வேண்டும். பத்தாவது மார்க் ஷீட் நகல், பிளஸ் டூ நகல் இரண்டையும் பின்னால் சேர்க்க வேண்டும். பிடி சார் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டே வந்தவர் பிறந்த தேதிக் கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், அதுதான் ஏ.ஐ.யூ., நடத்தும் போட்டிகளுக்கு அந்த வருஷம் ஜூலை 1ஆம் தேதி 17 வயதுக்குக் குறையக் கூடாது, 25ஐத் தாண்டக் கூடாது. எனக்கு ஜூன் மாதத் தேதி. சில வாரங்கள் தாண்டிவிட்டது.

இதில் ஒரு கூத்து, நான் ஜூனில் பிறக்கவே இல்லை. செய்யாறு பக்கம் பாட்டி வீட்டில் ஆவணியில் பிறந்தவள். பள்ளியில் சேர்க்கும்போது வயது நிறைய வேண்டும் என்று வாத்தியார் ஒரு ஜூன் தேதியைப் போட்டுவிட்டார். எங்கள் வகுப்பிலேயே மே, ஜூன் பிறந்தநாள் எத்தனை பேருக்கு இருந்தது என்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. சரி, அதைக்கூட விட்டுவிடுகிறேன். ஆவணி என்று திருத்தினாலும் அடுத்த வருஷம் இதே கதைதான்.

என் ஆதங்கம் வேறு. அதே அணிக்கு வரும் ஒரு பெண் ஆறாம் வகுப்பிலிருந்து விளையாட்டு விடுதியில் வளர்ந்தவள். பயிற்சியாளர், சாப்பாடு, ஸ்பைக்ஸ் எல்லாம் அரசு கொடுத்தது. இப்போது எம்.ஏ. முதல் வருஷம், வயது 22. அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, நல்ல பெண், ஓட்டத்தில் என்னை இழுத்துக்கொண்டு போவதே அவள்தான். ஆனால் அனுபவம் யாருக்கு அதிகம்? பத்து வருஷமாக ஓடுகிற 22க்கா, போன வருஷம் திரும்ப ஆரம்பித்த 25க்கா? விதி பிறந்த தேதியை மட்டும்தான் பார்க்கிறது.

இது பனியனுக்காக மட்டும் கேட்பது இல்லை. மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கான படிவம் 3 செல்லும். அந்த வேலைக்கே விளையாட்டு வீரர்களுக்கு வயது வரம்பில் 5 வருஷம்வரை தளர்வு உண்டு, எஸ்.சி., எஸ்.டி. என்றால் 10 வருஷம். வேலைக்குத் தளர்வு, அந்த வேலைக்கான சான்றிதழை வாங்கும் போட்டிக்குத் தளர்வு இல்லை. இது நியாயமா? விலக்கு எதாவது உண்டா? வெளிநாட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள்?


விசில்_சத்தம் (ஓய்வு பெற்ற உடற்கல்வி இயக்குநர்):

அம்மா, விலக்கு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீணாக அலையாதே. உன் பிடி பேனாவை நிறுத்தியது சரிதான். தெரியாமல் அனுப்பி, நீ ஜெயித்து, எதிரணி ஒரு புகார் எழுதினால் உன் பதக்கம் மட்டும் போகாது, ரிலேயில் ஓடிய மற்ற மூன்று பிள்ளைகளின் பதக்கமும் சேர்ந்து போகும்.

இந்த விதி ஏன் வேண்டியிருக்கிறது என்று சொல்கிறேன், கேள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கல்லூரி வாலிபால் என்றால் அதில் பாதிப் பேருக்கு மீசை நரைக்க ஆரம்பித்திருக்கும். எம்.ஏ. வரலாறு முடிப்பான். அணி அவனை விடாது. எம்.ஏ. பொது நிர்வாகம். அதுவும் முடிந்தால் நூலக அறிவியல். படிக்கவெல்லாம் மாட்டான், ஹாஸ்டலில் ஒரு கட்டில், மெஸ்ஸில் இரண்டு முட்டை கூடுதல், நவம்பர் டிசம்பரில் போட்டி. ஒருவர் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு மேட்சுக்கு வருவார், நானே பார்த்திருக்கிறேன். வலைக்கு அந்தப் பக்கம் பி.காம். முதல் வருஷப் பையன் நின்று அவர் அடிக்கும் ஸ்மாஷை வாங்க வேண்டும். இன்னொரு வகை, துறைமுகத்திலோ வங்கியிலோ சம்பளம் வாங்கிக்கொண்டு பகுதி நேரமாக ஏதோ ஒரு டிப்ளமோவில் பெயர் இருக்கும். அதனால்தான் முழுநேர வேலையில் இருப்பவர் ஆடக் கூடாது என்று தனியாக ஒரு விதி இருக்கிறது.

இவர்களைப் பிடிக்கப் போட்ட வலையில் நீ மாட்டிக்கொண்டாய். அது எனக்கும் தெரிகிறது. ஆனால் பிடியின் மேஜையிலிருந்து பார். ‘எத்தனை வருஷம் பயிற்சி எடுத்தாய்’ என்று கேட்டால் எல்லாரும் போன வாரம்தான் ஆரம்பித்தேன் சார் என்பார்கள். அதை எந்தத் தாளை வைத்துச் சரிபார்ப்பது? பிறந்த தேதிக்கு ஒரு மார்க் ஷீட் போதும். நியாயமான அளவுகோல் என்பதால் வயது வரவில்லை, சுலபமான அளவுகோல் என்பதால் வந்தது.

அப்புறம் அந்த ஆவணி விஷயம். தயவுசெய்து அதைத் தொடாதே. உண்மையாகவே இருக்கட்டும். இந்திய விளையாட்டில் வயதைக் குறைத்துக் காட்டுவது அவ்வளவு பெரிய வியாதி. கிரிக்கெட் வாரியம் சின்னப் பையன்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வயதைப் பார்க்கிறது. எலும்பு முழுக்க வளர்ந்து மூடிய பிறகு அந்தச் சோதனையும் பேசாது. 25 வயதில் நீ தேதியைத் திருத்தினால் உன்னை யாரும் நம்ப மாட்டார்கள்.


ரிலே_மூணாவது_ஆள்:

அக்கா கோவிச்சுக்காதீங்க. எனக்கு 19. நானும் 5000தான். நீங்கள் கடையில் நின்ற கதை கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஓட்டத்தில் 25 என்பது கிழடு இல்லை, அப்போதுதான் ஆரம்பம். கென்யாவின் கிப்சோகே ஒலிம்பிக் மாரத்தானை முதலில் ஜெயித்தது 31 வயதில், இரண்டாவது முறை 36இல். ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் 25 வயதுக்காரர் வரட்டும் என்று சின்னப் பிள்ளைகளே சிரித்துக்கொண்டு விடுவார்கள். தொலைதூர ஓட்டத்தில் அப்படி இல்லை. உங்கள் காலில் ஏழு வருஷம் நின்ற பலம் இருக்கிறது, என் காலில் ஒன்றும் இல்லை.

அணியில் இருக்கும் இடம் கொஞ்சம்தான். நீங்கள் வந்தால் போவது அந்த எம்.ஏ. அக்கா இல்லை. நான்தான்.


பெரம்பூர்_5000:

தங்கச்சி, கோபமெல்லாம் இல்லை. நீ சொன்னதுதான் இதுவரை வந்ததில் நேர்மையான பதில். நின்ற பலம் என்றாயே, அதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள். நின்றால் கணுக்கால் வீங்கும், வெரிகோஸ் வரும், ஓட்டம் வராது.

ஆனால் உன் வாதப்படியே பார்த்தால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒவ்வொரு வயது இருக்க வேண்டும். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே 25. செஸ்ஸுக்கும் அதேதான், துப்பாக்கி சுடுதலுக்கும் அதேதான். நம் ஊர் ஆனந்த் முதன்முதலில் உலகப் பட்டம் வாங்கியதே 2000இல், 31 வயதில்.

சாருக்கு: நீங்கள் சொன்ன நூலக அறிவியல் அண்ணன்களை நினைத்துச் சிரித்துவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர்கள் அத்தனை பேரும் 18 வயதில் கல்லூரிக்குள் வந்து, வெளியே போகாமல் இருந்தவர்கள். நான் 24இல் முதன்முறையாக உள்ளே வந்தவள். எந்தத் தாளைப் பார்ப்பது என்றீர்கள். அதே படிவத்தில் பிளஸ் டூ தேறிய வருஷம் கேட்கிறீர்கள், கல்லூரியில் சேர்ந்த தேதி கேட்கிறீர்கள். ஏற்கெனவே எத்தனை வருஷம் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார் என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கோப்பிலேயே இருக்கும். பிறகு எது கஷ்டம்?

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் 2017 தைபேவரை 28 வயது அனுமதித்தார்கள். 2019இல் இத்தாலியின் நாப்போலியில் அதை 25 ஆக்கினார்கள். அடுத்தது சீனாவின் செங்டூவில் 2021இல் நடக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளித் தள்ளி 2023இல் நடந்தது. அப்போது மட்டும் 27 வயதுவரை வரலாம் என்றார்கள். ஆக, வயது வரம்பு கல்லில் செதுக்கியது இல்லை. உலகத்துக்கே தாமதமானால் வருஷத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் தாமதமானால் கேட்க ஆள் இல்லை.


கிண்டி_டு_டெக்சாஸ்:

வெளிநாட்டில் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இங்கே முனைவர் பட்டம் படிக்கும்போது தடகள அணிப் பையன்களோடு ஒரே வீட்டில் இருந்தேன்.

இங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் முதல் பிரிவில் நீண்ட காலமாக இருந்துவரும் அடிப்படைக் கணக்கு இது: இத்தனை வயதுக்கு மேல் ஆடக் கூடாது என்று நேரடியாக ஒரு எண் கிடையாது. முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ஐந்து வருஷத்துக்குள் நான்கு சீசன் ஆடிக்கொள்ளலாம். பள்ளி முடித்துத் தாமதமாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். பெரும்பாலான விளையாட்டுகளில் ஒரு வருஷம் அவகாசம், டென்னிஸுக்கு ஆறே மாதம். அதற்குப் பிறகு கல்லூரிக்கு வெளியே முறையான போட்டிகளில் ஆடியிருந்தால், ஆடிய ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு சீசன் கழியும். கவனியுங்கள், ஆடியிருந்தால்தான். துணிக்கடையில் நின்றால் கழியாது. ராணுவத்துக்கோ, மத ஊழியத்துக்கோ போயிருந்தால் அதற்குத் தனி விலக்கு. யூட்டாவில் மார்மன் சபை நடத்தும் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் பல பையன்கள் இரண்டு வருஷம் ஊழியம் செய்துவிட்டு வந்து ஆடுவார்கள். அவர்களோடு மோதும் மற்ற அணிகள் ‘எதிரில் நிற்பது கல்யாணமான ஆம்பிளைங்க’ என்று புலம்புவது வாடிக்கை.

கிறிஸ் வைன்கி என்று ஒருவர். பள்ளி முடித்ததும் டொரண்டோ புளூ ஜேஸ் அணிக்குக் கையெழுத்துப் போட்டு, அதன் கீழ்நிலை அணிகளில் ஆறு வருஷம் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினார். பிறகு புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்து அமெரிக்கக் கால்பந்து ஆடி, 2000இல் கல்லூரிக் கால்பந்தின் மிகப்பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 28 வயதில் வாங்கினார். எதிரில் நின்றவர்களில் 18, 19 வயதுப் பையன்களும் உண்டு. அப்போதும் இதே சண்டைதான். என்.சி.ஏ.ஏ.வில் சேராத, வேறொரு சிறிய அமைப்பில் ஆடும் கல்லூரி ஒன்றில் 2011இல் 61 வயது வியட்நாம் போர் வீரர் ஒருவர் கால்பந்துக் களத்தில் இறங்கி, பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுத்தார். அதற்கு யாரும் சண்டை போடவில்லை, எல்லாரும் கைதட்டினார்கள். பெரியவர் வந்தால் பிரச்சினை இல்லை, பெரியவர் ஜெயித்தால்தான் பிரச்சினை.

ஆனால் இந்த முறையும் சொர்க்கம் இல்லை. சீசனை எண்ண ஆரம்பித்தால் எதை எண்ணுவது என்று வக்கீல்கள் வந்துவிடுகிறார்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் டியேகோ பாவியா, தான் இரண்டு வருஷ ஜூனியர் கல்லூரியில் ஆடியதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வழக்குப் போட்டு 2024 டிசம்பரில் இடைக்கால உத்தரவு வாங்கினார். அதன் பின்னால் வரிசையாக வழக்குகள். 2025 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றும் ஆகிவிட்டது. பணம் வந்த பிறகு யார்தான் சீக்கிரம் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள்? பள்ளியிலிருந்து வரும் பையனுக்குக் கதவு அந்த அளவுக்குக் குறுகுகிறது. அந்தத் தங்கச்சி பயப்படுவதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் விஷயத்தில் அமெரிக்க விதி நியாயம், அந்தத் தங்கச்சிக்கு இந்திய விதி பாதுகாப்பு.


வேளச்சேரி_லேப்:

எல்லாரும் நியாயம் பேசுகிறீர்கள், யாரும் அவருக்கு வழி சொல்லவில்லையே.

மேடம், படிவம் 3 கிடைக்காவிட்டால் குடி முழுகிப் போகாது. படிவம் 2 என்று ஒன்று இருக்கிறது, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குக் கொடுப்பது. சீனியர் தடகளத்துக்கு மேல் வயது வரம்பு கிடையாது. மாவட்டத் தடகளச் சங்கத்தில் பதிவு செய்து, மாவட்டப் போட்டி, அங்கிருந்து மாநில சீனியர், அங்கிருந்து தேசியம். கஷ்டமான பாதைதான், பல்கலைக்கழக அணியைவிடப் போட்டி கடுமை. ஆனால் அங்கே யாரும் மார்க் ஷீட்டில் விரல் வைத்து ‘25 ஆச்சே’ என்று சொல்ல மாட்டார்கள்.

முதலமைச்சர் கோப்பையிலும் கல்லூரிப் பிரிவு 25 வயதோடு முடிகிறது, ஆனால் பொதுப் பிரிவு 35வரை இருக்கிறது. அதில் என்னென்ன ஓட்டம் வைக்கிறார்கள் என்று அறிவிப்பு வரும்போது பார்த்துவிட்டுப் பெயர் கொடுங்கள், பரிசுப் பணமும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. தெருவுக்குத் தெரு ‘தேசியப் போட்டி’ என்று பேனர் கட்டி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு கலர் கலராகச் சான்றிதழ் தருவார்கள். அங்கீகரிக்கப்பட்ட சங்கம் இல்லை என்றால் அந்தத் தாளை வேலைக்குக் காட்ட முடியாது. என் நண்பன் ஒருவன் கோவாவரை ரயிலேறிப் போய் அப்படி ஒரு தங்கப் பதக்கம் வாங்கி வந்து வீட்டில் மாட்டியிருக்கிறான்.


பெரம்பூர்_5000:

வேளச்சேரி சார், படிவம் 2 விஷயம் எங்கள் கல்லூரியில் ஒருவரும் சொல்லவில்லை. மிக்க நன்றி. சங்கத்தில் பதிவு செய்யப் போகிறேன். பிறந்தது வேறு மாவட்டம், வசிப்பதும் படிப்பதும் சென்னை, ஆதாரிலும் பெரம்பூர் முகவரிதான். சென்னை மாவட்டத்துக்கு ஓடுவதில் சிக்கல் வராதே?

விசில் சார், பதிவு செய்வதோடு நிறுத்திக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. இது எனக்கு உதவாது, நடைமுறைக்கு வருவதற்குள் நான் பட்டம் வாங்கிவிடுவேன். இருந்தாலும் ஒரு மனு எழுதிப் போட வேண்டும் என்று இருக்கிறது. கல்லூரிக்கு எழுதவா, பல்கலைக்கழகத்துக்கா?


விசில்_சத்தம்:

சென்னையில் ரெகுலராகப் படிப்பதற்குக் கல்லூரியில் போனஃபைட் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போ. ஆதாரும் சென்னை என்பதால் கேட்கும்போது காட்டலாம். மீதியைச் சங்கத்து ஆட்கள் சொல்வார்கள்.

மனுவைக் கல்லூரிக்கு எழுதிப் பிரயோஜனம் இல்லை, முதல்வர் படித்துவிட்டு ‘விதி அப்படிம்மா’ என்பார். விதி போடுவது டில்லியில் இருக்கும் ஏ.ஐ.யூ. 1925இல் ஆரம்பித்த அமைப்பு, பழைய வழக்கங்கள் நிறைய இருக்கும். உன் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறை இயக்குநர் வழியாக அனுப்பு, ஒரு நகல் கையில் வைத்துக்கொள்.

அதில் அப்பா, துணிக்கடை, ஆவணி எதையும் எழுதாதே. பரிதாபப்பட்டு ஒரு ஆளுக்கு விலக்கு கொடுப்பார்கள் அல்லது கொடுக்க மாட்டார்கள், விதி அங்கேயே நிற்கும். ‘வயதைத் தளர்த்துங்கள்’ என்றும் கேட்காதே, அப்படிக் கேட்ட மாத்திரத்தில் அந்த நூலக அறிவியல் ஆட்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். இப்படிக் கேள்: 25ஐத் தாண்டியவர், முதல் பட்டப் படிப்பில் முதன்முறையாகச் சேர்ந்தவராகவும், இதற்கு முன் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும், மாநில அணிக்கும் ஆடாதவராகவும் இருந்தால், சேர்ந்த தேதியிலிருந்து மூன்று வருஷம். அணிக்கு இப்படி ஒருவருக்கு மேல் கூடாது என்றும் நீயே எழுதிவிடு, அந்த ரிலே பிள்ளைக்கும் இடம் மிஞ்சும். மூன்றாவது ஆண்டு முடிந்ததும் எம்.ஏ. சேர்ந்து தொடர முடியாது என்பதையும் சேர். இத்தனை பூட்டு போட்டால்தான் என்னை மாதிரி ஆட்கள் அந்தக் கமிட்டியில் இருந்தாலும் கையெழுத்துப் போடுவார்கள்.

எழுதி இங்கேயே போடு, திருத்தித் தருகிறேன். உன் 5000 நேரம் என்ன என்று இன்னும் சொல்லவே இல்லையே?